விதி எண் பதினேழு

பிப்ரவரி 11, 2025, செவ்வாய்

காலையில் தினகரனிடமிருந்து நோட்டீஸ். என் வீட்டு முன்பக்கக் கம்பியில் துண்டு காய்ந்துகொண்டிருந்ததாம். 'சாலையிலிருந்து கண்ணில் படும்படி துணி உலர்த்துவது குடியிருப்பின் அழகியல் ஒருமைக்கு ஊறு விளைவிக்கும்.' விதி 9. குடியிருப்புச் சங்கச் செயலாளரான தினகரன் அந்த வரியை மஞ்சள் மையால் தீட்டி, நகல் எடுத்து, உறையில் போட்டு, பக்கத்துத் தெருவிலிருந்து தபாலில் அனுப்பியிருக்கிறார்.

'அழகியல் ஒருமைக்கு ஊறு.' எந்த மடையன் இப்படி எழுதுவான்?

நான்தான். 2014இல் இந்தப் பதினெட்டு வீடுகளுக்கும் சங்கம் தொடங்கியபோது முதல் செயலாளர் திருவாளர் கீர்த்திவாசன் மூன்று வாரம் உட்கார்ந்து நாற்பத்தொரு விதிகள் எழுதினார். ஒன்பதாவது விதி, எதிர்வீட்டு சாந்தாமணி அம்மாளின் கணவர் காயப்போடும் லுங்கிகளுக்காகவே பிறந்தது. அவர் காலமாகி ஐந்து வருடம். விதி திடகாத்திரமாக இருக்கிறது.

குன்னூரில் என் வீட்டுப் பின்பக்கம் வெயில் விழுவதே இல்லை. இப்போது ஈரத்துண்டு எழுதுமேசை நாற்காலியில் தொங்குகிறது. நான் நின்றுகொண்டு எழுதுகிறேன்.

பிப்ரவரி 13, வியாழன்

வீட்டு வேலைக்கு வரும் வீரம்மா இன்றும் எட்டரைக்குத்தான் வந்தார். மூச்சு வாங்கியது.

என் வீட்டை ஒட்டி, தேயிலைக்குள் இறங்கும் ஒற்றையடிப் பாதை இருக்கிறது. அதன் தலைமாட்டில் போன மாதக் கடைசியில் இரும்புக் கதவு போட்டுப் பூட்டிவிட்டார்கள். வீட்டுக்காரர்கள் காலாற நடந்துவர ஆளுக்கொரு சாவி. மற்றவர்களுக்குக் கிடையாது. அடுத்த மேட்டிலிருக்கும் காலனியிலிருந்து இந்தப் பாதையில் வந்தால் வீரம்மாவுக்குப் பத்து நிமிடம். ரோட்டில் சுற்றினால் ஐம்பது, பாதி ஏற்றம். அறுபது வயது. வலது முழங்கால் வீங்கியிருக்கிறது.

"யாருங்க ஐயா இந்தக் கதவைப் போடச் சொன்னது?"

"சங்கம்."

"சங்கம்னா யாரு?"

நான் செய்தித்தாளைப் புரட்டினேன்.

பிப்ரவரி 17, திங்கள்

மூன்று நாளாக ஏழு நாற்பதுக்கு நானே போய் என் சாவியால் திறந்து விடுகிறேன். வீரம்மா சிரிக்கிறார். "தொரைமாரு வந்து கதவு தொறந்து விடுறதை எங்கம்மா பாத்திருந்தா அங்கேயே விழுந்திருக்கும்." அவர் அம்மா கண்டிப் பக்கம் கொழுந்து பறித்தவர். 1975இல் கப்பலேறி இங்கே வந்தபோது வீரம்மாவுக்குப் பத்து வயது.

எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. இருந்திருக்கக் கூடாது.

பிப்ரவரி 21, வெள்ளி

மஞ்சள் மை. விதி 17: 'பணியாளர்கள் பிரதான வாயில் வழியாக மட்டுமே, பதிவேட்டில் ஒப்பமிட்டு நுழைய வேண்டும். இதற்கு மாறாக உதவும் உரிமையாளரின் சாவி திரும்பப் பெறப்படும்.'

அந்தக் கடைசி வாக்கியத்தை எழுதிய ராத்திரி நானே எழுந்து நின்று அதை உரக்கப் படித்தது நினைவிருக்கிறது. 'திரும்பப் பெறப்படும்.' என்ன கம்பீரம்! அன்று இங்கே பூட்டும் கிடையாது, சாவியும் கிடையாது.

காவலாளி இருளப்பன் வந்து சாவியை வாங்கிப் போனார். "தப்பா நெனைக்காதீங்க சார், எழுதியிருக்குது." எழுதியிருக்கிறது, ஐயா. தெரியும்.

பிப்ரவரி 27, வியாழன்

இரண்டு வாரமாகத் தேநீர் சரியில்லை. தட்டை. உடம்பே இல்லாத தேநீர், நடுவில் குழிவிழுந்த ருசி. இஞ்சி போட்டும் எழவில்லை.

இதை நான் சொல்லலாம். குன்னூரில் ஏலத்துக்குப் போகும் தேயிலையை இருபத்தெட்டு வருடம் ருசி பார்த்தவன். ஒரு நாளைக்கு முந்நூறு கோப்பை: உறிஞ்சு, துப்பு, குறை சொல், அடுத்தது. எனக்குக் கீழே இருந்தவனை எனக்கு மேலே உட்காரவைத்ததும் வேலையை விட்டேன். உறிஞ்சுவதைத்தான் விட்டேன், மற்ற இரண்டும் தொடர்கின்றன.

நாக்கு பொய் சொல்லாது. காரணம் தண்ணீர். சங்கத்துத் தொட்டியைக் கழுவி எத்தனை மாதமாயிற்றோ. தினகரனுக்குக் கடிதம் எண் 5 எழுதினேன். நாலு பக்கம். (1 முதல் 4 வரை கதவு பற்றி.)

மார்ச் 5, புதன்

வீரம்மா பாத்திரம் கழுவி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "ஐயா, இந்த மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன். அதுக்கு மேல எனக்கு ஏலாது. ரோட்டோரம் ஷிஜோ ஊட்டுல கூப்புடுறாங்க. பஸ்ஸுல இருந்து எறங்குனா வாசல்."

ஷிஜோ. ஹோம்ஸ்டே நடத்துகிறவன். அவன் விருந்தாளிகள்தான் போன டிசம்பரில் அந்தப் பாதை வழியே வந்து, என் வேலியில் சாய்ந்து நின்று, என்னையும் சேர்த்து செல்ஃபி எடுத்தார்கள். நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

சரி. இனி எழுதித்தான் ஆக வேண்டும். இந்த நோட்டை வேறு யார் படிக்கப்போகிறார்கள்?

அந்த செல்ஃபிக்குப் பிறகு கதவு போடச் சொல்லி சங்கத்துக்கு எழுதியது நான். எல்லையை ஒட்டிய வீட்டுக்காரரின் சம்மதம் வேண்டும் என்று ஜனவரியில் தினகரன் படிவம் கொண்டுவந்தபோது கையெழுத்துப் போட்டதும் நான். கீழே இரண்டு கோடு இழுத்துப் போட்டேன். பாதையில் வேறு யார் நடக்கிறார்கள் என்று நினைத்தேனா? பதினோரு வருடமாக அந்த வழியில்தான் எனக்குக் காலைத் தேநீர் வருகிறது. நினைக்கவில்லை.

வீரம்மாவுக்கு இது தெரியாது. சொல்லலாமா? சொன்னால் மாசக் கடைசி வரைகூட இருக்க மாட்டார். ஒரு நாளில் என்னோடு வாய் திறந்து பேசுகிற ஒரே ஆள்—

தேநீருக்காகச் சொல்கிறேன்.

மார்ச் 12, புதன்

கோயம்புத்தூரிலிருந்து மனைவி ராஜப்ரியா போனில். பேங்கில் இன்னும் நாலு வருட சர்வீஸ் இருக்கிறது, அதுவரை மலையேற மாட்டாளாம். சர்வீஸ் முடிந்தபிறகும் ஏற மாட்டாள் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

கதவைப் பற்றி முழுதாகச் சொன்னேன், கையெழுத்தைத் தவிர.

"ஏனுங்க, அந்தம்மாவுக்காகப் பேசறீங்களா, தினகரன் மேல இருக்கற கடுப்புக்குப் பேசறீங்களா?"

"ரெண்டும்தான்."

"எது மொதல்ல?"

சிக்னல் சரியில்லை என்றேன். சிக்னல் நன்றாக இருந்தது.

23ஆம் தேதி பொதுக்குழு. 'பணியாளர்களுக்குப் பாதையைத் திறந்துவிட வேண்டும்' என்று தீர்மானம் கொடுத்துவிட்டேன். பதினோரு வீடு என் பக்கம். விரல்விட்டு எண்ணியாயிற்று.

மார்ச் 22, சனி

பேச்சுக்கு ஒத்திகை. கண்ணாடி முன் இருபது நிமிடம். நடுவில் ஓர் இடத்தில் எனக்கே கண் கலங்கியது. அந்த இடத்தில் குரலைத் தாழ்த்த வேண்டும்.

மார்ச் 23, ஞாயிறு

காலை 8.15. வாசலில் காட்டெருமை.

8.40. சரியாகச் சொன்னால், வாசற்படிக்கும் கேட்டுக்கும் நடுவில். தனி ஆண். மாருதி வேன் அளவு. என் ஹைட்ரேஞ்சியாவைத் தின்கிறது. ஹைட்ரேஞ்சியா தின்னக்கூடாத செடி என்று யாராவது அதற்கு நோட்டீஸ் அனுப்பலாம்.

9.10. இருளப்பன் சுவருக்கு அப்பாலிருந்து கத்தினார். விஷயம் இதுதான்: நேற்றுச் சாயங்காலம் யாரோ வீட்டுக்காரர் நடக்கப் போனவர் பின்கதவைத் திறந்தபடி போட்டுவிட்டார். காட்டெருமை உள்ளே வந்திருக்கிறது. விடியற்காலை ஐந்து மணிக்கு இருளப்பன் கடமை தவறாமல் கதவைப் பூட்டியிருக்கிறார். "உள்ள நின்னது எனக்குத் தெரியாதுங்க சார். வெளிய நிக்கறது வரக்கூடாதுன்னுதானுங்களே பூட்டறது!"

9.50. பொதுக்குழு எதிரே சாந்தாமணி அம்மாள் வீட்டுக் கூடத்தில். நாற்பது அடி. ஜன்னல் வழியே எல்லோரும் தெரிகிறார்கள். பஜ்ஜி வந்துவிட்டது.

10.05. தினகரனுக்குப் போன் செய்தேன். போனிலேயே பேசுகிறேன், ஸ்பீக்கரில் போடுங்கள் என்றேன். "விதி முப்பத்திமூணு சார்," என்றார். குரலில் வருத்தம் இருந்தது, அதுதான் கொடுமை. 'தீர்மானம் கொண்டுவரும் உறுப்பினர் நேரில் வராவிடில் தீர்மானம் காலாவதியாகும்.' துபாயிலிருந்துகொண்டு எல்லாவற்றுக்கும் தீர்மானம் அனுப்பிய ஐந்தாம் நம்பர் வீட்டுக்காரனுக்காக எழுதியது. அவன் வீட்டை விற்றுவிட்டுப் போயே போய்விட்டான்.

10.20. ஒரு காலை வெளியே வைத்தேன். அது தலையைத் தூக்கிப் பார்த்தது. காலை உள்ளே வைத்தேன். எதிர் ஜன்னலிலிருந்து சாந்தாமணி அம்மாள்: "தம்பி, வெளிய வந்துராதீங்க! உங்க பஜ்ஜியை எடுத்து வெக்கறனுங்க!"

10.45. கை தட்டுகிறார்கள். எதற்கென்று தெரியவில்லை. எனக்கில்லை.

மதியம். வனத்துறை ஆட்கள் வந்து சத்தம் கொடுத்து நகர்த்தினார்கள். வந்த வழியே போயிற்று. இருளப்பன் சாவி எடுத்து வருவதற்குள் கதவு தேயிலைப் பாதையில் மல்லாந்து கிடந்தது. நின்று இடித்ததாகக்கூடத் தெரியவில்லையாம்; நடந்த நடையிலேயே போயிற்றாம்.

ஏழு கடிதம் எழுதியும் என்னால் ஆகாதது.

மார்ச் 24, திங்கள்

ஏழு நாற்பது. வீரம்மா விழுந்த கதவின்மேல் நடந்து வந்தார். "தட்டி போட்ட மாதிரி சொகமா இருக்கு ஐயா."

தேநீர் இன்னும் தட்டை.

மார்ச் 28, வெள்ளி

எதிர்பார்த்தபடி தினகரன் வந்தார். திருப்பூரில் மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எப்போதும் ஸ்வெட்டரின் மேல் பொத்தான் வரை போட்டிருப்பார். கையில் படிவம். கதவை மறுபடி நிறுத்த விதி 22இன்படி என் எழுத்துச் சம்மதம் தேவை.

எனக்கு ஐம்பத்தாறு வயது; அத்தனை வருடமும் இந்த நிமிடத்துக்காகவே காத்திருந்தேன் என்று சொல்லலாம். படிவத்தைத் தொடாமல் விட்டேன்.

அவர் படிவத்தையே பார்த்துக்கொண்டு, "சார், அன்னிக்குக் கதவைத் தெறந்து போட்டுட்டுப் போனது நாந்தானுங்க. இருளப்பன் மேல பழி விழுந்துரக் கூடாதுன்னு சொல்றேன். மினிட்ஸ்ல வேண்டாமே," என்றார்.

ஆயுதம் தானாகக் கைக்கு வந்தது. வீசியிருக்கலாம். அதற்குள் அவர் இன்னொன்று சொன்னார். "எனக்குச் சங்க நிர்வாகமெல்லாம் ஒண்ணும் தெரியாதுங்க. உங்க விதிப் புத்தகத்தை மூணு தடவை படிச்சேன். என்னமா எழுதியிருக்கீங்க சார்! ஒரு வார்த்தை வீணில்லை. அதனாலதான் என் வார்த்தையில சொல்லாம அப்படியே நகல் எடுத்து அனுப்பறது."

எனக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு வாசகர் இருந்திருக்கிறார். அவரை நான் பகைப்பட்டியலில் முதலிடத்தில் வைத்திருக்கிறேன்.

வீரம்மா இரண்டு பேருக்கும் தேநீர் கொண்டுவந்து வைத்தார். தினகரன் ஒரு வாய் குடித்துவிட்டு, "டீ ஒரு மாதிரி இருக்குதுங்களே," என்றார்.

"உங்க தொட்டித் தண்ணி."

"எங்க ஊட்டுலயும் அதே தண்ணிதானுங்க சார்."

படிவத்தை வைத்துவிட்டுப் போனார்.

மார்ச் 29, சனி

சொல்லிவிட்டேன்.

அடுப்படி வாசலில் நின்று, ஒத்திகை பார்த்த பேச்சில் ஒரு வரிகூட நினைவுக்கு வராமல், "வீரம்மா, அந்தக் கதவுக்கு எழுதிக் கொடுத்தது நான்தான். கையெழுத்தும் நான்தான்," என்றேன்.

அவர் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. "தெரியும்."

"தெரியுமா?"

"கதவு போட்ட அன்னைக்கே இருளப்பன் சொன்னாரே. படிவத்தைக்கூடக் காட்டுனாரு. ரெண்டு கோடு போட்டிருந்தீங்க."

"பிறகு ஏன் யார் போட்டதுன்னு என்கிட்ட கேட்டீங்க?"

"உங்க வாயால வருதான்னு பாத்தேன். பேப்பரைத் திருப்பிக்கிட்டீங்க. சரி, வர்றப்ப வரட்டும்னுதான் தேத்தண்ணியில காட்டுனேன்."

"தேத்தண்ணியில?"

"முந்தின நாள் சக்கையத்தான் உங்களுக்குத் திரும்பக் கொதிக்க வச்சுக் குடுத்தேன். ஆறு வாரமா. நல்ல தூளு எனக்கு."

உட்கார்ந்துவிட்டேன். எழுதுமேசை நாற்காலியில், ஈரத்துண்டின் மேல்.

இருபத்தெட்டு வருடம். ஒரு நாளைக்கு முந்நூறு கோப்பை. நாக்கு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது: தட்டை, உடம்பில்லை, நடுவில் குழி. ஆளைத்தான் மாற்றிப் பிடித்தேன். என் வாழ்க்கை வரலாற்றை யாராவது எழுதுவதானால் இந்த ஒரு வரி போதும், மிச்சத்துக்குக் காகிதத்தை வீணாக்க வேண்டாம்.

"தினகரன் ஐயாவுக்கும் சக்கைதானா?"

"அவரு படிவத்தோட வந்தாருல்ல?"

மார்ச் 31, திங்கள்

படிவத்தில் 'சம்மதம்' என்ற இடத்தை அடித்துவிட்டு எழுதினேன்: கதவு வேண்டாம். இரண்டு கல்தூண், நடுவில் ஓர் ஆள் பக்கவாட்டில் திரும்பி நுழையும் இடைவெளி. காட்டெருமை நுழையாது. பூட்டு கிடையாது, யார் வேண்டுமானாலும் வரலாம், ஷிஜோவின் விருந்தாளிகள் உட்பட. (இந்த இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது.) விதி 17 நீக்கப்பட வேண்டும். எழுதியவனே கேட்கிறான்.

கூடவே கடிதம் எண் 8: தொட்டித் தண்ணீர் பற்றிய என் நாலு பக்கப் புகாரை நிபந்தனையின்றித் திரும்பப் பெறுகிறேன். மன்னிக்கவும்.

'மன்னிக்கவும்' என்ற சொல்லை இந்தக் கையால் எழுதியது எப்போது என்று யோசித்துப் பார்த்தேன். லீவ் லெட்டர். ஒன்பதாம் வகுப்பு.

ஏப்ரல் 4, வெள்ளி

கடிதம் எண் 8இன் நகலை தினகரன் திருப்பி அனுப்பியிருக்கிறார். 'மன்னிக்கவும்' மஞ்சளில். கீழே பேனாவால்: 'நன்றி சார். கல்தூணுக்கு கமிட்டி சரி சொல்லிருச்சு. 17ஐ எடுக்க மனசில்லை, அவ்வளவு நல்லா இருக்கு. ஆனா எடுத்துட்டோம்.'

ஏப்ரல் 9, புதன்

நேற்றுத் தூண் நட்டார்கள். மாசக் கடைசி போயாயிற்று; வீரம்மா ஷிஜோ வீட்டுப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. இன்று ஏழு நாற்பதுக்குச் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். வீரம்மா பையை முன்னால் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி உள்ளே வந்தார்.

அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் இரண்டு தம்ளர் தேநீர் தயாராக இருந்தது. புதுத் தூள். நானே போட்டேன், தண்ணீர் கொதிக்கும் பதம், தூள் ஊறும் நேரம் எல்லாம் கடிகாரம் பார்த்து.

ஒரு வாய் குடித்தார். முகம் சுளித்தது. தம்ளருக்குள் எட்டிப் பார்த்தார்.

"சக்கையாங்க ஐயா?"

ஆனால் துப்பவில்லை.