அரக்கு நூல்கண்டு

குழலி அப்பாவுக்கு,

போனில் பேசினால் சண்டையாகிவிடும். அதனால் எழுதுகிறேன்.

போன வாரம் பள்ளிக்கூடத்திலிருந்து சிறப்பு டீச்சர் வீட்டுக்கு வந்தார். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு உதவ வந்தாராம். உதவ வந்தவருக்குத் தறி மேல் என்ன கண்? "பாப்பா வீட்ல கையில இன்னாமா வெச்சிக்கினு இருக்கும்?" என்று கேட்டதும் புரிந்துவிட்டது. பிள்ளையைத் தறி வேலைக்கு வைக்கிறோமா என்று வேவு பார்க்கிறார்.

"நூலத் தொடவே தொடாது டீச்சர்" என்று சாதித்தேன். கழுத்தில் அட்டை தொங்க அவர் தெருவில் வரும்போதே, யாரோ அதிகாரி என்று பயந்து குழலியின் அரக்கு நூல்கண்டைத் தறிக்குழியில் ஒளித்துவிட்டேன். அவள் அழுது தீர்த்தாள்.

இன்று அவளை அழைத்துவரப் போனேன். வகுப்பில் ஒரே இரைச்சல். குழலி காதைப் பொத்தவில்லை, அலறவில்லை, எழுதிக்கொண்டிருந்தாள். இடது கையில் புதிதாய் ஓர் அரக்கு நூல்கண்டு.

"உங்களுக்கு யாரு சொன்னது டீச்சர்?"

சிரித்துவிட்டு அடுத்த பிள்ளையிடம் போய்விட்டார்.

நூலைப் பிடித்தால் அவள் அடங்குவாள் என்று நம் இருவருக்குத்தான் தெரியும். நீங்களோ, "எம் பொண்ணுக்கு ஒண்ணுமில்ல, ஸ்கூல்ல போய் மானத்த வாங்காத" என்று கத்திவிட்டு ஐயம்பேட்டையில் உங்கள் அக்கா வீட்டில் உட்கார்ந்திருப்பவர். நீங்களாக இருக்க முடியாது என்றுதான் நினைத்தேன்.

ஆனால் நூலின் முடிச்சைப் பார்த்தேன். வால் தெரியாமல் உள்ளே மடித்து முடிந்திருந்தது. நம் தெருவில் அப்படி முடிகிற கை ஒன்றுதான்.

திங்கட்கிழமை பெற்றோர் இருவரையும் டீச்சர் வரச் சொல்லியிருக்கிறார். எனக்குத் தெரியாமல் போய்வந்தது போதும். என்னோடு வாருங்கள்.

இன்னும் முழுதாக நம்பாத,
குழலி அம்மா