சைரனுக்கு அசையாத தெரு

பாப்பாவின் அப்பாவுக்கு,

போன வாரம் நீங்கள் அணையிலிருந்து மூன்று முறை வெள்ள எச்சரிக்கை சைரன் ஊதியும் நம் தெருவில் ஒருவரும் அசையவில்லை. நேற்று நான் பெட்டியும் பாப்பாவுமாக ஆட்டோ ஏறியதைப் பார்த்ததும் தெருவே மூட்டை கட்டிவிட்டது.

"மதகு திறக்கிறவர் சம்சாரமே கிளம்பிட்டாங்க, இன்னும் என்ன யோசனை?" என்றாராம் எதிர்வீட்டு டெய்லர்.

இப்போது மேட்டில், நான் வந்திருக்கும் அக்கா வீட்டுக்கு எதிரே உள்ள பள்ளிக்கூடத்தில், தையல் மெஷினோடு உட்கார்ந்திருக்கிறார். நான் தண்ணீருக்குப் பயந்து வரவில்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது? சண்டையில் நீங்கள் சொன்ன சொல்லையும் சொல்ல வேண்டியிருக்கும்.

"எப்பம்மா வீட்டுக்குத் திரும்பலாம்?" என்று காலையிலிருந்து எல்லோரும் என்னைத்தான் கேட்கிறார்கள்.

சைரன் ஊதிச் சொன்னால் நானும் நம்பமாட்டேன். நேரில் வாருங்கள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா