ரப்பர் காலில் கட்டிய துண்டு

என் மச்சான் ஏழுமலைக்கு,

நீ இருக்கும் இடத்தில் மழை உண்டா? இங்கே ஏரி நிரம்பியிருக்கிறது, நடவும் முடிந்துவிட்டது. உன் நிலத்தையும் நான்தான் பார்க்கிறேன். வரப்பு கோணலாகப் போகிறது என்று உன் அக்கா வள்ளி தினமும் சொல்கிறாள். நீ இருந்திருந்தால் நீயும் சேர்ந்து சிரித்திருப்பாய்.

உன்னிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாததால், நான் அசடு வழிந்த இடத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

போன மாதம் சாலவாக்கம் பள்ளிக்கூட மைதானத்தில் பெரிய பஸ் ஒன்று வந்து நின்றது, பக்கவாட்டில் பேனரோடு. பேனர் கட்டி வண்டி வந்தால் அது கண் சிகிச்சை முகாம்தான் என்று நமக்குத் தெரியாதா? ஆதார் ஜெராக்ஸ் இரண்டு, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ இரண்டு எடுத்துக்கொண்டு முதல் ஆளாகப் போய் நின்றேன். என்னைப் பார்த்து எனக்குப் பின்னால் பதினோரு பேர். எல்லார் கையிலும் ஜெராக்ஸ்.

பள்ளிக்கூடத்திலிருந்து என் மகள் தேன்மொழி ஓடி வந்தாள். “அய்யோ அப்பா, மானம் போவுது. இது சயின்ஸ் மியூசியம். சென்னைல இருந்து ஊர் ஊரா வருது.”

“அப்ப கண்ணாடி குடுக்க மாட்டாங்களா?”

“சும்மா பாக்கறதுக்குப்பா.”

“கண்ணு நல்லா தெரிஞ்சா நான் இன்னாத்துக்கு இங்க வந்து நிக்கறேன்?”

பஸ்ஸில் வந்த பெண்ணுக்கு வயது இருபத்தைந்து இருக்கும். எங்களைத் திருப்பி அனுப்பியிருக்கலாம். அவள் சிரித்துவிட்டு, “வரிசையில நின்னுட்டீங்க, ஏறிப் பாத்துட்டே போங்கண்ணே” என்றாள். ஏறினோம். கோள், லென்ஸ், காந்தம். பத்தாவது அறிவியலில் இரண்டு முறை தோற்றவன் நான். புரியாத இடத்தில்தான் பலமாகத் தலையாட்டுவேன் என்பது உனக்குத் தெரியும்.

கடைசி மேசையில் ஒரு ரப்பர் கால் இருந்தது. உள்ளே கண்ணாடிக் குழாயில் சிவப்புத் தண்ணீர் ஓடும். அது ஓடும்வரை கட்டைவிரல் நுனியில் சின்னதாகப் பச்சை விளக்கு எரியும். அந்தப் பெண் சொன்னாள்: “வயல்ல கண்ணாடி விரியன் கடிச்சிடுச்சு. உங்கள்ல யாராவது முதலுதவி பண்ணுங்க. நான் எதுவும் சொல்ல மாட்டேன்.”

பக்கத்து வீட்டு முருகேசன் என்னைப் பிடித்து முன்னால் தள்ளினார். “இவர வுடும்மா. சொந்த மச்சானுக்கே கட்டு போட்டவரு.”

நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தோளிலிருந்த துண்டை எடுத்தேன். முழங்காலுக்குக் கீழே சுற்றி, முரட்டுக் காளையைக் கட்டுவதுபோல் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினேன். கைதட்டக்கூட ஆரம்பித்துவிட்டார்கள்.

விளக்கு அணைந்துவிட்டது.

“கரண்ட் போச்சா?” என்றார் முருகேசன்.

“கரண்ட் இல்லண்ணே, ரத்தம்” என்றாள் அந்தப் பெண். “இறுக்கிக் கட்டினா காலுக்கு ரத்தம் போகாது. சதை செத்துப்போகும். கட்டு போட்டாச்சேன்னு நாமளும் மெதுவா கிளம்புவோம். கட்டாதீங்க, கீறாதீங்க. காலை ஆட்டாம வெச்சு, நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க. விஷமுறிவு ஊசி அங்கதான் இருக்கு.”

நான் முடிச்சை அவிழ்த்தேன். மறுபடியும் பச்சை விளக்கு எரிந்தது.

ஏழுமலை, அன்று காலை மடை திருப்பப் போன இடத்தில் பாம்பு கடித்து நான் கட்டு போட்டபோது நீ என்ன சொன்னாய் என்று எனக்கு நினைவிருக்கிறது. “மாமா, வலிக்குது. கொஞ்சம் லூசா கட்டேன்.” “பேசாம இரு, மேல ஏறிடும்” என்று சொல்லி இன்னும் ஒரு சுற்று இறுக்கினேன். அப்புறம் கட்டு போட்டாயிற்றே என்ற தைரியத்தில் பச்சிலைக்காரரிடம் போய் உட்கார்ந்தோம். ஆஸ்பத்திரி வாசலுக்கு வரும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. நீ வீடு திரும்பவில்லை.

நான்கு வருடமாக உன் அக்கா உறவுக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்: “அவரு உடனே கட்டு போட்டாரு. இல்லன்னா வயல்லியே போயிருப்பான்.” ஒவ்வொரு தடவையும் நான் பக்கத்தில் அடக்கமாக நின்றிருக்கிறேன்.

“கட்டினதாலதான் ஒருத்தர் போயிடுவாராம்மா?” என்று பஸ்ஸில் அந்தப் பெண்ணிடம் கேட்டேன். “அப்படி யாராலும் சொல்ல முடியாதுண்ணே. ஆனா போன நேரம் திரும்பாது.” பொய் சொல்லி என்னை அனுப்பி வைக்கவில்லை. அதற்காகவே அவள்மேல் மரியாதை வந்தது. “நான் கட்டினேம்மா. எம் மச்சானுக்கு” என்று எல்லார் முன்னாலும் சொன்னேன்.

அதற்கப்புறம்தான் கூட்டம் கேட்க ஆரம்பித்தது. தண்ணீர் கொடுக்கலாமா? வண்டியில் உட்கார வைக்கலாமா? எந்த ஆஸ்பத்திரியில் ஊசி இருக்கும்? கோளைப் பார்த்தபோது வாயே திறக்காதவர்கள் ஒரு மணி நேரம் நகரவில்லை. இதையே போர்டில் எழுதி வைத்திருந்தால் நான் படித்திருப்பேனா? என் கையாலேயே தப்பாகச் செய்யவிட்டு, அந்த விளக்கை என் கண்ணுக்கு எதிரிலேயே அணைத்தார்களே, அதுதான் உள்ளே போயிற்று.

வீட்டுக்கு வந்து வள்ளியிடம் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள். சண்டை போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கடைசியில், “அவன் வலிக்குதுன்னு சொன்னானா?” என்று கேட்டாள்.

“சொன்னான்.”

“இத்தினி வருஷமா இத நீ எங்கிட்ட சொல்லவே இல்லியே” என்று எழுந்து போய்விட்டாள். மறுநாள் காலை, நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்களையெல்லாம் கூட்டிக்கொண்டு பஸ் வாசலில் நின்றிருந்தாள். என்னோடு பேசவில்லை. நேராகப் போய் அந்த ரப்பர் காலைத் தொட்டுப் பார்த்தாள். தம்பி காலைத் தொடுவதுபோல் இருந்தது.

நீ என்னை மன்னித்துவிட்டாயா என்று கேட்க மாட்டேன். நீ “போ மாமா” என்று சிரித்துவிடுவாய். அதை ஏற்றுக்கொள்ள எனக்குத் தகுதி இருக்கிறதா, தெரியவில்லை.

அடுத்த வாரம் பஸ் திருமுக்கூடலுக்குப் போகிறது. அந்தப் பெண் போன் செய்து, “நீங்க வந்து நில்லுங்கண்ணே, நான் பேசறதவிட நல்லா கேப்பாங்க” என்றாள். சரியென்று சொல்லிவிட்டேன். உன் காலில் கட்டிய துண்டு இத்தனை வருடமும் பெட்டியில்தான் இருந்தது. நேற்று வள்ளி அதைத் துவைத்து, மடித்து, என் பையில் வைத்தாள். இப்போதும் அதிகம் பேசவில்லை, ஆனால் வைத்தாள்.

அங்கே எல்லார் முன்னாலும் அந்தத் துண்டை இறுக்கிக் கட்டுவேன். விளக்கு அணையும். உன் பெயரைச் சொல்லிவிட்டு, நீ கேட்டபடி தளர்த்தி, அவிழ்த்துவிடுவேன். பஸ் எந்த ஊருக்குக் கூப்பிட்டாலும் போய் இதைச் செய்வேன், ஏழுமலை.

உன் பேச்சைக் காது கொடுத்துக் கேட்காத,
உன் அக்கா புருஷன்,
மாமா.