வலப்பக்கம் மேலே

சித்தி,

போர்வைக்குள் டோர்ச் வெளிச்சத்தில் இதை எழுதுகிறேன். உங்கள் ஒட்டுப் புத்தகம் மடியில் இருக்கிறது. திறந்தவுடன் பசை வாசமும் விமானத்துக் கோப்பி வாசமும் சேர்ந்து வந்தன. உங்கள் வேலைச் சட்டையும் இப்படித்தான் மணக்கும். மூடினேன். திரும்பத் திறந்தேன். ஒரு நிலையில் இருக்க முடியவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் அம்மாவும் அப்பாவும் படுத்திருக்கிறார்கள். இந்தப் புத்தகம் இன்னும் வீட்டில் இருக்கிறது என்று அம்மாவுக்குத் தெரியாது. உங்கள் முப்பத்தொராம் நாள் சடங்கு முடிந்த மறுநாள் இதைக் குப்பைப் பையில் போட்டுப் பின் பல்கனியில் வைத்தார். நான் எடுத்து மெத்தைக்குக் கீழே ஒளித்துவிட்டேன்.

நீங்கள் வேலை செய்த விமான நிலையத்தின் பெயரை மாற்றிய பிறகும் உங்களுக்கு அது பழைய டோர்வல்தான். ஆட்கள் இறங்கிப் போன விமானத்தில் குப்பை பொறுக்கிக் கூட்டுகிற வேலை. விட்டுப் போன சஞ்சிகைகளில் ஜப்பான் சஞ்சிகை கிடைப்பது அருமை. கிடைத்தால் உங்கள் சட்டைக்குள் ஒளிந்து வீட்டுக்கு வரும். "களவில்லையடி, குப்பைக்குப் போறதை மறிச்சனான்" என்பீர்கள்.

ஊராக்களின் கல்யாணங்களுக்கு மணப்பொம்பிளை சோடிக்கப் போகவேண்டும் என்பது உங்கள் ஆசை. அதற்காகத்தான் அந்தச் சஞ்சிகைகளில் இருந்த மணப்பெண்களை வெட்டி வெட்டி ஒட்டினீர்கள். வெள்ளை முக்காடு போட்டவள், சிவப்பு உடுத்தவள், கொண்டை முழுக்கப் பூக் குத்தியவள். "பார், ஒருத்தியும் பல்லைக் காட்டேல்லை. குனிஞ்ச தலை நிமிரேல்லை. எங்கட ஆக்கள்தான்." அவர்களுக்கு நடுவில் இனிப்புத் தாள், சாப்பாட்டுக் குச்சி உறை, ஏதோ ஒரு கடைச் சீட்டு.

"இதில என்ன சித்தி எழுதியிருக்கு?"

"மீன் வாங்கின பில்லோ என்னவோ. எழுத்து வடிவாயிருக்கு, ஒட்டு."

பெப்ரவரியில் ஒரு ஞாயிறு, அம்மா ஜான்-டலோன் சந்தைக்குப் போயிருந்த நேரம், வெள்ளைப் படுக்கை விரிப்பை எனக்குச் சுற்றி என்னை ஜப்பான் மணப்பொம்பிளை ஆக்கினீர்கள். சேலை கட்டிப் பழகிய கை. முந்தானை போகிற மாதிரியே வலப்பக்கத் துணியை மேலாக இழுத்து இடப்பக்கம் கொண்டுவந்து செருகினீர்கள். அம்மா பைகளோடு வந்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்ன கோலம் இது? வெள்ளையைச் சுத்திக்கொண்டு... இதென்ன, செத்தவீடே?"

"அக்கா, ஜப்பானில இதுதான் கூறைச்சேலை."

"அப்ப ஜப்பானில போய்க் கட்டு. இப்ப கத்தரிக்காயை எடுத்து வை."

நாங்கள் சிரித்துச் சிரித்துக் கத்தரிக்காயைக் கீழே கொட்டினோம்.

மார்ச்சில் நீங்கள் வேலை முடிந்து வரும்போது செயின்ட்-மிஷேல் பஸ் தரிப்பில் விழுந்தீர்கள். மூளைக்குள் நரம்பு வெடித்ததாம். ஆஸ்பத்திரியில் நீங்கள் கண் திறக்கவேயில்லை.

போன கிழமை பள்ளிக்கூட நூலகத்தில் ஜப்பானைப் பற்றிய ஒரு பிரெஞ்சுப் புத்தகம் பார்த்தேன். உடுக்கும்போது நெஞ்சில் இடப்பக்கத் துணிதான் மேலே வரவேண்டுமாம். வலப்பக்கத்தை மேலே விட்டுக் கட்டுவது இறந்தவர்களுக்கு மட்டுமாம். வீட்டுக்கு ஓடி வந்து நீங்கள் ஒட்டிய மணப்பெண்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தேன். எல்லோருக்கும் இடப்பக்கம் மேலே.

அன்றிலிருந்து எனக்கு நித்திரை இல்லை, சித்தி. அப்படிக் கட்டப்பட்டு நின்றது நான். போனது நீங்கள். எனக்கு வந்ததை நீங்கள் வாங்கிக்கொண்டீர்களா? இல்லை, என்னுடையது இனித்தான் வருமா? தலையிடி வந்தாலே அதுதான் என்று நினைக்கிறேன். மெட்ரோப் படிகளில் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டு இறங்குகிறேன். ஆரிடமும் சொல்லவில்லை.

சற்று முன் சுவருக்கு அப்பால் அம்மாவின் அழுகை கேட்டது.

"நான் அண்டைக்குச் செத்தவீடே எண்டு கேட்டிட்டனப்பா. என்ர வாய்தான். அந்தப் புத்தகத்தைக் கண்டாலே எனக்கு அதுதான் கேக்குது."

"டொக்டர் சொன்னதைக் கேட்டனிதானே? பேசாமல் படு."

"என்ர வாய்க்கு ஆர் டொக்டர்?"



புத்தகத்தில் அம்மாவுக்குக் கோபம் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்தேன். அவரும் என்னைப் போலப் பயந்துபோய்க் கிடக்கிறார். உங்களுடைய ஒரே சாவை நான் ஒரு பக்கம் என்னுடையது என்று பிடித்து வைத்திருக்கிறேன். அம்மா மற்றப் பக்கம் தன்னுடையது என்று பிடித்து வைத்திருக்கிறார். துணிதான் காரணம் என்றால் அம்மாவின் வாய் இல்லை. வாய்தான் என்றால் துணி இல்லை. இரண்டும் ஒன்றையொன்று வெட்டினால் மிச்சம் என்ன? அந்த நரம்பு மட்டும்தானே? கணக்குச் சரிபோலத்தான் தெரிகிறது. ஆனால் நெஞ்சு இன்னும் அடித்துக்கொண்டுதான் இருக்கிறது.

என் கணக்கைச் சொல்லாமல் அம்மாவின் கணக்கைத் திருத்த முடியாது. சொன்னால் புத்தகம் போகலாம். அடியும் விழலாம். நான் செத்தவர்களைப் போலக் கட்டப்பட்டு நின்றேன் என்று கேட்டால் அவர் இன்னும் பயந்துவிடுவாரோ தெரியாது. ஆனால் நான் உயிரோடு நிற்பதை அவர் கண்ணால் பார்ப்பார்.

அடுப்படியில் குழாய் ஓடுகிறது. அம்மா எழும்பிவிட்டார். டோர்ச்சை அணைக்கப் போகிறேன். புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு அவரிடம் போகிறேன்.