ஆளுக்கு இருபத்தைந்து டன்

கும்தெர்வென், வேல்ஸ்
10 மார்ச் 1985

அன்புத் தம்பி எம்ரிஸ்,

கர்த்தர் உன்னைக் காப்பாராக. போன ஞாயிறு ஆராதனை முடிந்து உன் கடிதத்தை நான் வாசித்தபோது இருந்தவர்கள்: என் கணவர் ஐவர், போதகர், தேநீர் ஊற்றிய மிசஸ் பார்ரி, ஐவரோடு கரி வெட்டும் ஒன்பது பேர், சுரங்கத்தின் துணை மேலாளர் பென்ரி. வெளிநாட்டுக் கடிதம் எதுவானாலும் சபையில் வாசிப்பதுதானே நம் வழக்கம்.

ஆஸ்திரேலியாவில் ஆளுக்கு ஒரு நாளைக்கு இருபத்தைந்து டன் என்ற வரி வந்ததும் ஒருவரும் கோப்பையைத் தொடவில்லை. இங்கே ஒன்றரை டன். "உன் தம்பி மண்வெட்டியில அள்ளுறானா, ரயில் பெட்டியில அள்ளுறானா?" என்று ஐவர்தான் எல்லோரையும் சிரிக்க வைத்தார். பென்ரி சிரிக்கவில்லை. பாட்டுத்தாளின் பின்பக்கம் எதையோ குறித்துக்கொண்டார்.

நம் சுரங்கத்தை மூடுவதா என்று விசாரணை நடக்கப்போகிறது. அதற்கு நிர்வாகம் கொடுத்த தாளில் நீ எழுதிய அந்த இருபத்தைந்து இருக்கிறது. உங்கள் கரி கப்பலேறி கார்டிஃப் துறைமுகத்தில் இறங்கினாலும் டன் முப்பத்திரண்டு பவுண்டாம், எங்களுடையது ஐம்பதாம். அங்கே கரி எத்தனை அடி கனம், தலைக்கு மேல் கூரை உண்டா என்று எழுது. விசாரணையில் காட்ட, முப்பதாம் தேதிக்குள் வேண்டும். ஐவர் இரண்டரை அடி உயரமே உள்ள இடுக்கில் ஒருக்களித்துப் படுத்து வெட்டுகிறார் என்பது அந்தத் தாளில் இல்லை.

உன் அக்கா,
நெஸ்டா

குயின்ஸ்லாந்து
2 ஏப்ரல் 1985

அன்பு அக்கா,

உன் கடிதம் வந்த அன்றே எழுதியிருக்கலாம். இரண்டு வாரமாகக் கை வரவில்லை. நீ சொன்ன தேதி தாண்டிவிட்டது, தெரியும்.

இங்கே கரி இருபது அடி கனம். திறந்தவெளிச் சுரங்கம்; கூரை கிடையாது, வானம்தான். நான் கரி வெட்டுகிறவனும் இல்லை. மண் ஏற்றும் லாரி ஓட்டுகிறேன். இருபத்தைந்து என்பது வருடத்திலேயே நல்லதாக அமைந்த ஒரு நாளின் கணக்கு. வாசல் பலகையில் எழுதிப் போட்டிருந்தார்கள். மற்ற நாட்களில் பன்னிரண்டு, பதின்மூன்று. நீ சபையில் வாசிப்பாய் என்று தெரிந்துதான் அதை எழுதினேன். உருப்படாதவன் என்று என்னைச் சொன்னவர்கள் கேட்கட்டும் என்று நினைத்தேன்.

அத்தானிடம் சொல்லிவிடாதே.

எம்ரிஸ்

கும்தெர்வென்
16 ஜூன் 1985

எம்ரிஸ்,

வெள்ளிக்கிழமை சுரங்கத்தை மூடிவிட்டார்கள். கடைசியாக மேலே வந்தவர்களுக்குச் சபைப் பெண்கள் சூப் காய்ச்சி வைத்தோம். பாதி மிஞ்சிப்போனது.

பன்னிரண்டு என்று வைத்தும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அப்போதும் மூடியிருப்பார்கள். அந்தப் பாரத்தை நீ சுமக்க வேண்டாம்.

நேற்று ஐவர் சாப்பிடாமல் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவங்களும் மனுஷங்கதான், நாங்களும் மனுஷங்கதான் நெஸ்டா. அவங்க இருபத்தஞ்சு, நாங்க ஒன்றரை. முப்பத்தோரு வருஷமா நான் சோம்பேறியாவா இருந்திருக்கேன்?"

"இல்லவே இல்ல" என்றேன்.

"நீ வேற என்ன சொல்லுவே."

உன் கடிதம் என் வேதப்புத்தகத்துக்குள் இருக்கிறது. சபையில் நான் வாசிக்காத முதல் கடிதம் அது. "தம்பி என்ன எழுதியிருக்கான்?" என்று ஐவர் மூன்று தடவை கேட்டார். சுகமாக இருக்கிறான் என்றேன். ஜெபிக்க முழங்காலிட்டால் அந்தப் பொய்தான் முன்னால் வந்து நிற்கிறது. உண்மையை நான் சொன்னால், பெண்டாட்டி ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று தள்ளிவிடுவார். அவர் பெயருக்கு, உன் கையால், நீயே எழுது.

சீக்கிரம் பதில் போடு.

அக்கா