வெள்ளைச் சிலுவையில் வடிந்த துவர்

நாற்பது வருடம் "இஞ்சாருங்கோ" என்று மட்டுமே நான் கூப்பிட்ட என் மனுசருக்கு,

நீங்கள் அங்கே சுகமாகத்தான் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். குருநகரில் பாதிப் பேருக்குத் தெரியாது. அவர்கள் எண்ணத்தில் நீங்கள் செத்த பிறகு பாவத்துக்குப் பரிகாரம் செய்யும் உத்தரிக்கிற ஸ்தலத்தில் கிடந்து கபில நிறக் கண்ணீர் வடித்துக்கொண்டிருக்கிறீர்கள். அதனால்தான் உங்களுக்கு எழுதும் இந்தக் கடிதத்தைக் கோயில் பத்திரிகைக்குக் கொடுக்கப் போகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுதியது என்று எழுத்துப் பிழை பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். மரம் ஏன் கபிலமாக இருக்கிறது என்று தெரியாத அவர்களைவிட நான் படித்தவள்தான்.

சண்டையால் ஊருக்குச் சீமெந்து வராத காலத்தில் போய்ச் சேர்ந்தீர்கள். அதனால் உங்கள் கல்லறைக்குப் பூவரசில் சிலுவை செய்து நட்டோம். வள்ளத்துக்கென்று நீங்களே அறுத்து வைத்த மரம், நல்ல வைரம் பாய்ந்தது. மரித்தோர் நாள் வருகிறதென்றால் சேமக்காலையில் கல்லறை முழுக்க வெள்ளையடிப்பார்களே, இந்த முறை உங்கள் சிலுவைக்கும் அடித்தார்கள். மருமகன் அல்பிரட் எங்கேயோ கால் டின் பெயின்ற் தேடிப் பிடித்து, அதையும் கரைத்துத் தண்ணீர் போலாக்கி, ஒரே ஒரு பூச்சுப் பூசினார். அடுத்த இரண்டு நாளும் மழை. மூன்றாம் நாள் பார்த்தால் சிலுவையின் இரண்டு கைகளிலும் இருந்து தேத்தண்ணி நிறத்தில் கோடு கோடாக வடிந்திருந்தது.

முதலில் கண்டவள் றெஜினா. அவளுடைய மனுசன் உங்களுக்குப் பக்கத்துக் கல்லறையில்தானே இருக்கிறார். நான் போய்ச் சேருவதற்குள் இருபது பேர் முழங்காலில் நின்றார்கள். மெழுகுதிரி கிடைக்காத ஊரில் மூன்று மெழுகுதிரி எரிந்தது.

"அன்னம்மாக்கா, உங்கடை மனுசன் அழுறார்."

"என்னத்துக்கு அழுறார்? உன்னைக் கண்டோ?"

கோயில் மூப்பர் குடையோடு முன்னுக்கு வந்தார். அவருக்கு எதிலும் கடைசிச் சொல் தன்னுடையதாக இருக்க வேண்டும்.

"அக்கா, அவர் ஏதும் நேர்த்தி வைச்சுச் செய்யாமல் விட்டவரோ? யோசிச்சுச் சொல்லுங்கோ. இல்லாட்டில் மரித்தோர் நாளிலை அவரின்ரை பேரைத் தனிய வாசிச்சு, சனத்தை மன்றாட வைப்பம்."

தனிய வாசிப்பார்களாம். ஊர் முழுக்க நிற்கும்போது, ஏதோ பாவம் செய்து மறைத்தவர் என்று உங்கள் பெயரை வாசிப்பார்களாம். புயலில் தப்பிக் கரைக்கு வந்த ஒவ்வொரு முறையும் ஈர உடுப்போடு கோயிலுக்குப் போய் நேர்த்தியைக் கொடுத்துவிட்டுத்தானே வீட்டுக்கு வந்தீர்கள்? அப்படிப்பட்ட உங்களையா? ஆனாலும் சொல்லிவிடுகிறேன், வீட்டுக்கு வரும் வழியில் நானும் ஒரு நிமிடம் யோசித்தேன். இப்போது நினைக்க வெட்கமாக இருக்கிறது.

வீட்டில் கதவுக்கு முண்டு கொடுத்திருந்த கட்டை காலில் இடறியது. உங்கள் சிலுவைக்கு வெட்டியதில் மிஞ்சிய அதே பூவரசு. கூரை ஒழுக்கில் நனைந்து, கீழே நிலத்தில் அதே தேத்தண்ணி நிறத்தைக் கக்கியிருந்தது. அப்போதுதான் எனக்குப் பட்டை அவித்த அண்டா ஞாபகம் வந்தது.

நைலோன் வருவதற்கு முன் நூல் வலைகளை, உக்காமல் இருக்க, கண்டல் மரப் பட்டை அவித்த சாற்றில் நாம் இருவரும்தானே தோய்த்து எடுத்தோம்? "ஏன் எல்லா மரமும் இந்த நிறத்தையே விடுகுது?" என்று ஒருநாள் கேட்டேன். "உது வெறும் நிறமில்லையப்பா, மரத்தின்ரை காவல். துவர். பூச்சி கடிச்சால் வாய் கூசி ஓடும். பிஞ்சு மரம் வெளிறித்தான் இருக்கும். வயது போகப் போக நடுவுக்கை துவர் ஏறிக் கபிலமாகும்," என்றீர்கள். பேத்தியின் விஞ்ஞானப் புத்தகத்தில் அதற்குத் தனின் என்று பெயர் போட்டிருக்கிறதாம். போடட்டும். நான் அதில் முழங்கை வரை தோய்ந்தவள்.

வாழைக்காய் சீவினால் கை கறுக்கிறது. வெட்டிய கத்தரிக்காய் காற்றுப் பட்டால் கபிலமாகிறது. உதிர்ந்த இலையில் பச்சை விருந்தாளி போலப் போய்விட, வீட்டுக்காரர் போலக் கபிலம் மிஞ்சுகிறது. அந்தச் சிலுவைக்கு முன்னால் முழங்காலில் நின்ற ஒவ்வொருத்தியும் நாள்தோறும் கத்தரிக்காயை வெட்டித் தண்ணீரில் போடுகிறவள். ஏன் போடுகிறோம் என்று ஒருத்தியாவது ஒருநாள் யோசித்திருப்பாளா?

மரித்தோர் நாளுக்கு முதல் நாள் பின்னேரம், அந்தக் கட்டையையும் மீன் வெட்டும் கத்தியையும் எடுத்துக்கொண்டு போனேன். எல்லாரும் அங்கேதான் நின்றார்கள்.

"றெஜினா, உன்ரை முக்காட்டை ஒருக்கால் தா."

செபம் சொல்லப் போகிறேன் என்று நினைத்துத் தந்தாள். நல்ல வெள்ளை லேஸ். அதை மழைத்தண்ணீரில் நனைத்துக் கட்டையைச் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு பரமண்டல மந்திரமும் மூன்று அருள்நிறைந்த மந்திரமும் சொன்னேன். பிரித்தபோது முக்காட்டில் அதே கபிலம்.

"உன்ரை முக்காடும் இப்ப உத்தரிக்குதோ? மூப்பர், இதின்ரை பேரையும் நாளைக்கு வாசியுங்கோ."

யாரோ சிரித்தார்கள். மூப்பர் வெயிலும் மழையும் இல்லாத நேரத்தில் குடையை விரித்தார். "எனக்கு முதலே ஒரு சந்தேகம் இருந்தது" என்றார். இருந்திருக்கும், பாவம். மறுநாள் உங்கள் பெயரை மற்றவர்களின் பெயர்களோடு, அதன் இடத்தில்தான் வாசித்தார்கள். அது போதும்.

இனிச் சொல்லப்போவது அவர்களுக்கும் தெரியாது. முந்தின நாள் பின்னேரம் அந்தக் கத்தியால் சிலுவையில் இருந்து பெயின்ற்றைச் சுரண்டும்போது எல்லாரும் அல்பிரட்டைத்தான் ஏசினார்கள். அந்த மனிதன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். வெள்ளை அடிக்கச் சொன்னது நான். சீமெந்துச் சிலுவைகளுக்கு நடுவே உங்களுடையது மட்டும் மண் நிறத்தில் நிற்பது எனக்கு மதிப்புக் குறைவாக இருந்தது. சவப்பெட்டிக்குள்ளும் உங்கள் கைகள் பட்டைக் கறையோடு கபிலமாகத்தானே கிடந்தன? அதை மறைக்கப் பார்த்தேன். அங்கே நின்றவர்களில் பெரிய முட்டாள் றெஜினா இல்லை.

இதை முதலில் அல்பிரட்டுக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் பத்திரிகைக்குக் கொடுப்பேன். அந்தக் கட்டையையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். என் தலைமாட்டில் நடும் சிலுவைக்கு அதுதான் குறுக்குக் கை. அதற்கு யாராவது வெள்ளை அடித்தால், அப்போது வடிவது துவராக இருக்காது.

உங்கள் கைக்கறையை நாற்பது வருடம் தேய்த்தும் போக்க முடியாத,
உங்கள் பிள்ளைகளின் அம்மா,
அன்னம்மா.