இடது தோளில் ஒன்பதரை பவுண்டு

என் தோள்வலி அன்று எதனால் போனது? இன்றுவரை எனக்குத் தெரியாது. மருந்துப் பரிசோதனைகளின் முடிவுகளைச் சரிபார்த்துச் சம்பளம் வாங்குகிறவள் இப்படி ஒத்துக்கொள்வது அழகில்லைதான். ஆனால் நீ ஒரே வாரத்தில் நான்கு விஷயங்களை மாற்றிவிட்டாய். அதில் எது வேலை செய்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நாளைய தீபாவளி நிகழ்ச்சிக்காக பேஸ் கிட்டாரை உறையிலிருந்து எடுத்தேன். தோளில் மாட்டும் ஸ்ட்ராப்பின் அடியில் நீ தைத்துக் கொடுத்த துணி மேல்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. உன் கணவருடைய பழைய ஜீன்ஸ். பாக்கெட் இருந்த இடம் மட்டும் இன்னும் கருநீலமாக இருக்கிறது. உடனே உட்கார்ந்து உனக்கு எழுதத் தொடங்கிவிட்டேன். மூன்று வாரமாக வலி திரும்பி வந்திருக்கிறது. அன்று எது குணமாக்கியது என்று தெரியாததால், இன்று எதைச் சரிசெய்வது என்றும் தெரியவில்லை. நாளை பதினெட்டுப் பாட்டு. முடிக்க முடியாமல் போனால் இதுவே கடைசி மேடை என்று மனதுக்குள் தீர்மானித்திருக்கிறேன். குழுவில் யாரிடமும் சொல்லவில்லை.

நம்மூர்க் கடைகள் வரிசையாக நிற்கும் ஓக் ட்ரீ ரோட்டுக்குப் பின்னால் இருந்த உன் வீட்டு பேஸ்மென்ட் தையலறைக்கு முதல் தடவை வந்தபோது, எல்லோரையும் போல நானும் அளவு ப்ளவுஸ் ஒன்றைக் கொண்டுவந்தேன். நீ அதைத் தொடவே இல்லை. “போன வருஷம் தச்சதா? அப்ப அது போன வருஷத்து உடம்புக்கு. இப்ப இருக்கிற உடம்பக் காட்டுங்க” என்று டேப்பை எடுத்தாய். ஒவ்வொரு அளவையும் இரண்டு முறை எடுத்தாய். “முதல் தடவை சரியா வரலையா?” என்று கேட்டேன். நீ நோட்டில் ஏதோ எழுதினாய். வருகிறவர்களைப் பெயர் போட்டு எழுதும் வழக்கம் உனக்கில்லை. ‘நீலக் கார்’, ‘பல் டாக்டர்’, ‘மூணு பொண்ணு அம்மா’. எனக்கான பக்கத்தில் ‘சந்தேகம்’ என்று எழுதியிருந்ததை இரண்டு வருடம் கழித்துத்தான் பார்த்தேன். அதற்குள் நமக்குள் ‘ங்க’ போய் ‘டி’ வந்துவிட்டது. கோபித்துக்கொள்ள வழியில்லை.

பேஸ் கிட்டாரை நான் தேடிப் போகவில்லை. மகள் இரண்டு மாதம் கற்றுக்கொண்டு கைவிட்டது அலமாரியில் நின்றது. நாற்பத்துநாலு வயதில் நான் எடுத்தேன். நான்கு தடித்த கம்பிகள். வாசிக்கும்போது யாரும் கவனிக்கமாட்டார்கள். நிறுத்தினால்தான் பாட்டில் ஏதோ குறைகிறதே என்று பார்ப்பார்கள். என்னைப் போன்றவளுக்கு இதைவிடப் பொருத்தமான வாத்தியம் கிடையாது. தமிழ்ச் சங்கத்தின் மெல்லிசைக் குழுவில் சேர்ந்தேன். ஒரு வருடத்துக்குள் இடது தோளிலிருந்து முதுகு வரை வலியும் வந்து சேர்ந்தது. டாக்டர் எக்ஸ்ரே பார்த்து எலும்பில் ஒன்றுமில்லை என்றார். ரப்பர் பட்டையை இழுக்கும் பயிற்சிகளை ஒழுங்காகச் செய்தேன். ஆனாலும் ஒத்திகைக்கு மறுநாள் தலை வாரக் கை எழும்பாது. விட்டுவிடலாம் என்று முடிவு செய்த வாரத்தில்தான் ஒரு பட்டுச்சேலைக்கு ப்ளவுஸ் தைக்க உன்னிடம் வந்தேன்.

நீ தோளை அளந்தாய். மறுபடி அளந்தாய். மூன்றாவது தடவையும் அளந்தாய்.

“என்னடி இது, எடது தோளு காதுகிட்டப் போயிருக்கு?”

“டேப் சறுக்கியிருக்கும்.”

“இருவது வருஷமா சறுக்காத டேப்பு உனக்கு மட்டும் சறுக்குதாக்கும். அர இஞ்சு ஏறி நிக்குது. என்னத்தத் தூக்குற நீ?”

சொன்னேன். “போயி அத எடுத்துட்டு வா. மேடைக்குக் கட்டுற மாதிரி சேலையும் கட்டிக்கிட்டு வா” என்றாய். டாக்டரிடம் தோளைக் காட்டினேனே தவிர, கிட்டாரோடு நிற்கும் தோளை யாரிடமும் காட்டவேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

ஊருக்குப் போகும்போது பெட்டி நிறுக்கிற கொக்கித் தராசில் நீ முதலில் கிட்டாரை மாட்டினாய். ஒன்பதரை பவுண்டு. “எம் பொண்ணு பொறந்தப்பக்கூட இவ்வளவு கனமில்லடி. அவளையாச்சும் இடுப்பு மாத்தி மாத்தித் தூக்குனேன். நீ ஒத்தத் தோள்லயே ரெண்டர மணி நேரம் தொங்க விடுறியே” என்றாய்.

பிறகு என்னைக் கண்ணாடி முன் நிறுத்தி வாசிக்கச் சொன்னாய். தரையில் உட்கார்ந்து தோளையே பார்த்தாய். மூன்றாவது பாட்டில் கையைத் தட்டினாய். முந்தானையும் இடது தோள், ஸ்ட்ராப்பும் இடது தோள். மெல்லிய நைலான் ஸ்ட்ராப் பட்டின் மேல் வழுக்கிக்கொண்டே இருந்தது. அது விழாமலிருக்க நான் தோளைத் தூக்கிப் பிடித்தபடியே வாசித்திருக்கிறேன். ஒரு வருடமாக. எனக்கே தெரியாமல்.

அன்று நாம் போட்ட சண்டை நினைவிருக்கிறதா? வாரத்துக்கு ஒரு மாற்றம் செய்வோம், அப்போதுதான் காரணம் தெரியும் என்றேன். “உன் ஆராய்ச்சி முடியுறவரைக்கும் தோளு வரிசையில நிக்குமாக்கும்? எல்லாத்தையும் மாத்துடி” என்றாய். நாலு விரல் அகலத்துக்குப் புது ஸ்ட்ராப், வழுக்காமலிருக்க அடியில் ஜீன்ஸ். இடுப்புக்குக் கீழே தொங்கிய கிட்டாரை வயிற்றுக்கு மேலே ஏற்றி, உட்கார்ந்தாலும் நின்றாலும் ஒரே உயரத்தில் இருக்கும்படி ஸ்ட்ராப்பைக் குறைத்தாய். இடது மணிக்கட்டு மடங்குவதும் அதோடு நின்றது. கம்பியைக் குனிந்து பார்க்கக் கூடாது என்று என்னை எதிர்ச் சுவரைப் பார்த்து வாசிக்க வைத்தாய். இரண்டு பாட்டுக்கு ஒரு தடவை கைகளைத் தொங்கவிட்டுத் தோளை இறக்கச் சொன்னாய்.

ஐந்தாவதாக நீ செய்ததை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. பக்கத்து வீட்டு குஜராத்தி ஆன்ட்டியைப் பார்த்துவிட்டு, முந்தானையை வலது தோள் வழியாக முன்னால் கொண்டுவந்து இடுப்பில் செருகிவிட்டாய். “பாத்தியா, எடது தோளு காலி!” ஒத்திகையில் முந்தானையின் ஜரிகை ஓரம் வலது கைக்கும் கம்பிக்கும் நடுவில் புகுந்துகொண்டது.

கீபோர்டு வாசிக்கிற சேகர் நிறுத்தினார். “மேடம், பேஸ்ல ஏதோ துணி சவுண்ட் வருது.”

“துணிதான்” என்றேன்.

போனில் சொன்னபோது நீ சிரித்த சிரிப்பில் தையல் மெஷின் நின்றுபோனது எனக்குக் கேட்டது. அதற்கப்புறம் மேடைக்குப் பருத்திச் சேலை என்று முடிவானது.

அந்தத் தீபாவளிக்கு வலியில்லாமல் முழு நிகழ்ச்சியும் வாசித்தேன். நீ மூன்றாவது வரிசையில் இருந்தாய். முடிந்ததும் ஓடிவந்து, பாட்டெல்லாம் எப்படி என்று கேட்டேன். “பாட்டா? நான் எங்கடி பாட்டக் கேட்டேன்? தோளு ஏறுதான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். ரெண்டு தடவ ஏறுச்சு. மத்தபடி பிரமாதம்.” அவ்வளவு கவனமாக என்னை அதுவரை யாரும் பார்த்ததில்லை.

இந்த வருடம் பனி உருகும் சமயத்தில் நீ இறந்துபோனாய். அதைப் பற்றி எழுத இன்று உட்காரவில்லை.

எழுதிக்கொண்டே வரும்போது ஒன்று தட்டுப்படுகிறது. சில மாதங்களாக நான் சோபாவில் புதைந்து, ஸ்ட்ராப் இல்லாமல், லேப்டாப்பை நோக்கிக் குனிந்துதான் பயிற்சி செய்கிறேன். நீ பார்த்திருந்தால் அரை நிமிடத்தில் பிடித்திருப்பாய். காரணம் அதுவாக இருக்கலாம். நிரூபிக்க முடியாது. இன்று மாலையே முதுகுக்கு ஆதாரமான மர நாற்காலிக்கு மாறிவிட்டேன். ஆனால் ஒரு மாலைப் பொழுதில் தோள் இறங்கிவிடாது.

ட்ரயல் போட்டுப் பார்க்கும் பெண்களிடம் நீ எப்போதும் சொல்வாய்: “இறுக்குச்சுன்னா இப்பவே வாயத் தொறந்து சொல்லுங்க. ‘பரவாயில்ல’ன்னு சொல்றவங்க ப்ளவுஸ்தான் கல்யாண மண்டபத்துல கிழியும்.” நான்தான் எல்லோரையும்விட அதிகமாகப் பரவாயில்லை சொன்னவள் என்று உனக்குத் தெரியும். ஸ்ட்ராப் ஒருநாள் நைந்துபோகும். நீ சொன்ன அந்த வாக்கியத்தை இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன். அதன்படி நடந்ததாகச் சொல்ல முடியாது.

மறுநாள் நடந்ததையும் இதிலேயே எழுதி வைக்கிறேன்.

பத்துப் பாட்டு தாங்கியது. பதினொன்றாவதின் நடுவில் தோள் ஏறத் தொடங்கியது. முடியும்போது விரல் நுனி வரை வலி. பாடகிக்கு முன்னால் இருந்த மைக்கை நோக்கி நடந்து போனேன். இத்தனை வருடத்தில் மேடையில் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. “எனக்குத் தோள் வலிக்குது. ஒரு நாற்காலி வேணும். கைப்பிடி இல்லாதது” என்றேன். குரல் அரங்கம் முழுக்கக் கேட்டது. யாரோ சிரித்தார்கள். பிறகு நாலு திசையிலிருந்தும் நாலு நாற்காலிகள் வந்தன. முன்வரிசை அங்கிள் ஒருவர் தான் உட்கார்ந்திருந்த மடக்கு நாற்காலியையே தூக்கிக்கொண்டு படியேறி வந்துவிட்டார். அதில்தான் உட்கார்ந்தேன். அவருக்கு வேறொன்றை நீட்டியபோது வேண்டாமென்று கையாட்டிவிட்டு, மீதி ஏழு பாட்டையும் மேடை ஓரத்தில் நின்று, தொடையில் தாளம் போட்டபடி கேட்டார்.